குரல் ஒத்துப்போகிறது

"இன்னொரு தடவை சொல்லுடா! ஒரே ஒரு தடவை. 'நல்லா இருக்கேன் அபா, நீ வீட்டுக்குப் போ, சாயங்காலம் வர்றேன்'னு அவன் குரல்ல சொல்லு. அவ போயிடுவா."

பயிற்சி நிலைய முதல்வர் பெய்ஷென், எர்மெக்கின் சட்டைக் காலரைப் பிடித்து இரும்புக் கதவோரம் தள்ளினார். வெல்டிங் கூடத்தின் கதவு அந்தப் பக்கத்திலிருந்து அதிர்ந்துகொண்டே இருந்தது. உள்ளங்கையால் தட்டுகிற சத்தம். 

"குபான்! கண்ணு! நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்டா. வெறுங்கையோட வந்தா என்ன இப்போ? கை இருக்குல்ல? வெளில வா!"

எர்மெக் யாரும் சொல்லாமலே ஒரு வெல்டிங் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். கறுப்புக் கண்ணாடிக்குள் இருட்டாக இருந்தது. கொஞ்சம் பாதுகாப்பாகவும் இருந்தது.

"எனக்கு வரலை அகாய். அவன் குரல் வரலை."

"காலைல வந்துச்சே!"

"காலைல நான் சொல்லவே இல்லை."

"அடக்கம் நல்ல குணம்தான் தம்பி. ஆனா அதுக்கு இது நேரமில்ல. தலைநகரத்து ஆய்வுக் கமிஷன் கார் கணவாயைத் தாண்டிருச்சு."

கதவுக்கு வெளியே நிற்பவள் குபானின் 'அபா', அவன் அம்மா சைரகுல். குபான் அவளுக்கு ஒற்றை மகன். அவன் ரஷ்யாவில் ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுந்து செத்துப்போன செய்தி போன வாரமே கரா-பெல் ஊருக்கு வந்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரிக்குத் தெரியும். தபால்காரனுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகிற பொடிசுகளுக்குக்கூடத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அவள்தான். அவளோ இன்று காலை தன் மகனின் குரலைத் தன் காதாலேயே கேட்டுவிட்டாள். அதுவும் அரசாங்கத்தின் ஒலிபெருக்கியில்.

இதில் யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் விதிப்படிதான் நடந்தது.

கரா-பெல் தொழிற்பயிற்சி நிலையத்தின் முகப்பில் 'கையில் தொழில், வாழ்வில் ஒளி' என்று எழுதியிருக்கும். வெல்டிங் கூடத்தில் மட்டும் மின்சாரம் கிடையாது. அது ஏழ்மை அல்ல, ஏற்பாடு. மின்சாரம் இருந்தால் மாணவர்கள் வெல்டிங் செய்துவிடுவார்கள். செய்தால் ராடு தீரும், இரும்பு தீரும், யாருக்காவது விரல் சுடும், சுட்டால் விசாரணை வரும். ஆகவே நிலையம் 'உலர்முறைப் பயிற்சி'யைக் கண்டுபிடித்திருந்தது. முகமூடியை மாட்டிக்கொண்டு, ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே மெதுவாக நகர்த்தியபடி வாயால் 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லவேண்டும். மதிப்பெண் அந்த 'ஸ்ஸ்ஸ்'ஸுக்குத்தான். அது நடுங்கக் கூடாது. நடுவில் மூச்சு வாங்கினால் ஒட்டு விட்டுப்போனதாகக் கணக்கு.

டிராக்டர் பிரிவில் இன்ஜின் இல்லாத டிராக்டர் ஒன்று இருந்தது. ஒருவன் ஏறி ஓட்டுவான். மற்றவர்கள் வரிசையாக நின்று, அது போவதற்கு ஏற்றபடி கழுத்தைத் திருப்புவார்கள். சரியாகத் திருப்பாதவனுக்குப் பாடம் புரியவில்லை என்று அர்த்தம்.

உயரத்தில் வேலை செய்வதற்கான பாதுகாப்பு வகுப்பும் உண்டு. பெல்ட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். அதனால் மாணவர்கள் இடுப்பைச் சுற்றிக் காற்றில் பெல்ட் கட்டி, தலைக்கு மேலே காற்றில் கொக்கியை மாட்டி, 'மாட்டியாச்சு!' என்று ஒரே குரலில் கத்துவார்கள். குபான்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்துவான்.

உண்மையான வெல்டிங் கருவி ஒன்றும் இல்லாமல் இல்லை. ஏதோ ஒரு தூர தேசம் அன்பளிப்பாகக் கொடுத்த புத்தம்புதுக் கருவி முதல்வரின் அறையில் பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. அதன்மேல் பூச்சாடி வைத்திருந்தார்கள்.

இப்படிப்பட்ட பயிற்சியில் தேர்ந்த பையன்கள், முதல் பனி விழுவதற்குள் ரஷ்யாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். அரசாங்கமோ தலையை எண்ணித்தான் நிலையத்துக்குப் படியளக்கும். முன்பெல்லாம் இது பெரிய சிக்கலாக இருந்ததில்லை. பெயர் கூப்பிடும்போது இருக்கிறவன் இல்லாதவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பான். வாத்தியார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். தலைநகரத்தில் யாரோ விழித்துக்கொண்டதால்தான் அந்தப் பெட்டி வந்தது.

சாம்பல் நிறப் பெட்டி. முற்றத்துக் கம்பத்தில் ஒலிபெருக்கியோடு பொருத்தியிருந்தார்கள், எல்லாம் ஊரறிய நடக்கவேண்டும் என்று. சேரும்போதே ஒவ்வொரு மாணவனும் அதன்முன் நின்று 'இருக்கேன்' என்று சொல்லிக் குரலைக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் தினமும் காலையில் அது தேன் ஒழுகும் பெண் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் வந்ததும், "குரல் ஒத்துப்போகிறது. உன் கைத்தொழிலே நாட்டின் செல்வம்" என்று வாழ்த்தும். பையன்கள் அதற்கு 'அத்தை' என்று பெயர் வைத்தார்கள். "எழுந்திருங்கடா, அத்தை கூப்பிடுறா" என்றால் விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

குபானும் மற்றவர்களும் பெட்டிக்குக் குரலைக் கொடுத்துவிட்டு ரஷ்யாவுக்குக் கிளம்பிய வாரம் முதல்வர் பெய்ஷெனுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. அதே வாரம் எர்மெக் உணவுக் கூடத்தில் முதல்வர் மாதிரியே பேசிக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று நிறுத்தினார்கள். முதல்வர் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் அடிக்கவில்லை. தன் அறைக்கு அழைத்துப்போய்த் தேநீர் ஊற்றினார். பக்கத்தில் ஆப்ரிகாட் ஜாம் வைத்தார். எர்மெக் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

"வேற யார் குரலெல்லாம் வரும்?"

"கேட்டுப் பழகினவங்க எல்லார் குரலும் வரும் அகாய்."

"இது பொய் இல்லடா தம்பி. புரிஞ்சுக்கோ. போன பசங்க எல்லாரும் மனசால இங்கதான் இருக்காங்க. வாய் மட்டும் கொஞ்சம் தூரமா போயிருச்சு. நீ அந்த வாயைப் பக்கத்துல கொண்டுவர்ற. இது ஒரு விதத்துல போக்குவரத்து சேவை."

எர்மெக் சரி என்றதற்கு ஜாம் காரணமல்ல, குபான். ஊரைவிட்டுக் கிளம்பின அன்று பேருந்து ஜன்னலிலிருந்து தலையை நீட்டி அவன் சொல்லியிருந்தான்: "டேய், என் பேரை விட்றாதடா. திரும்பி வர்றப்போ சான்றிதழ் இருக்கணும். அபாகிட்ட காட்டணும்."

எர்மெக் விடவில்லை. ஒருநாள் தவறாமல் குபானுக்காக 'இருக்கேன்' என்றான். கூடவே இன்னும் சிலருக்கும். அதில் ஒரு சங்கடம் வந்தது. ஊரார் குரலையெல்லாம் தொண்டையில் சுமந்து சுமந்து அவன் சொந்தக் குரல் கரகரத்துப் போயிற்று. ஒருநாள் பெட்டி, "எர்மெக் சாத்திபாயெவ். குரல் ஒத்துப்போகவில்லை" என்றது. எதிரே நின்றுகொண்டிருந்தவனைப் பார்த்துத்தான் சொன்னது. அதற்கு மறுநாளும் அப்படியே. கடைசியில் தொடர்ந்து வராமல் இருப்பதற்காக எர்மெக்குக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முதல்வரே அதை அவன் கையில் கொடுத்து, "இப்படி வராமலே இருந்தா எப்படிடா?" என்று வருத்தப்பட்டார். குபானோ நிலையத்தின் வரலாற்றிலேயே ஒருநாள்கூடத் தவறாத மாணவன் ஆகிவிட்டான்.

தையல் பிரிவு நூர்பெரி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "ஊர்ல இருக்கிறவன் இல்லை, இல்லாதவன் இருக்கான். நீ ரஷ்யாவுக்குப் போயிடு எர்மெக், அப்பத்தான் இங்க உனக்கு வருகை போடுவாங்க."

குபான் எப்போதாவது போன் செய்வான். முதல் தடவை வெல்டிங் வேலை கிடைத்த அன்று கத்தினான்: "டேய்! வாயால ஸ்ஸ்னு சொல்லவேண்டியதே இல்லடா! அதுவே சொல்லுது!" கண் எரிகிறது என்றான். ஆனாலும் சிரித்தான். உயரமான கட்டடம், மேலேயிருந்து பார்த்தால் ஆறு தெரிகிறது என்றான். அதற்கப்புறம் அவனிடமிருந்து போன் வரவில்லை. அவனோடு வேலை செய்த ஒருவன்தான் போன் செய்தான். பெல்ட் போட்டுத்தான் இருந்தானாம். கொக்கியை மாட்டிவிட்டதாகச் சத்தம்கூடக் கொடுத்தானாம். போய்ப் பார்த்தபோது அது எதிலும் மாட்டப்பட்டிருக்கவில்லையாம்.

எர்மெக் அன்றிலிருந்து சாப்பிடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், தலைக்கு மேலே காற்றில் கையை உயர்த்தி நிற்கும் குபான் தெரிந்தான்.

சாவுச் செய்தியை ஒரு தாயிடம் யாரும் போகிற போக்கில் சொல்லிவிட முடியாது. அவளுடைய அண்ணன் வரவேண்டும். பெரியவர்கள் கூடவேண்டும். துக்கத்தின் அடையாளமாகச் சப்பான் அங்கியின் மேலே கச்சை கட்டிக்கொண்டு வரிசையாகப் போய், மூத்தவர் சுற்றி வளைத்துச் சொல்லவேண்டும். அதுவரைக்கும் ஊர் வாயை மூடிக்கொண்டு சிரித்துப் பேசவேண்டும். சைரகுல் கோடை முழுக்க மலை மேய்ச்சலில் இருந்தவள், அங்கே போனும் எடுக்காது. நேற்றுத்தான் ஆடுகளோடு கீழே இறங்கியிருந்தாள். அவளுடைய அண்ணன் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்துகொண்டிருந்தார். உடம்பு விமானத்தில் வந்துகொண்டிருந்தது. ஊரே அவளிடம் இனிக்க இனிக்கப் பேசியது. கடைக்காரி ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை. அதிலேயே அவளுக்குக் கொஞ்சம் உதைத்திருக்க வேண்டும்.

நேற்று எர்மெக் முதல்வரிடம் போய், அந்தப் பெயரை எடுத்துவிடச் சொன்னான்.

"எடுத்துரலாம்," என்றார் பெய்ஷென். "ஆனா யோசி. எப்போ செத்தான்னு கேப்பாங்க. போன வாரம்னு சொல்வோம். போன வாரம் முழுக்க வந்திருக்கானேன்னு கேப்பாங்க. எங்க செத்தான்னு கேப்பாங்க. ரஷ்யாவுலன்னு சொல்வோம். ஒருநாள் லீவு எடுக்காத பையன் எப்படிடா ரஷ்யாவுக்குப் போவான்? நம்மகிட்ட அனுமதி வாங்காம அவன் செத்ததே ஒழுங்கீனம். அதை நான் பெருந்தன்மையா மன்னிச்சிருக்கேன்."

"அவன் என் சிநேகிதன் அகாய்."

"எனக்கு மட்டும் என்ன, அவன் நம்ம சிறந்த மாணவன்டா! நாளைக்குக் கமிஷன் கையால அவனுக்குத்தான் பரிசு. கமிஷன் வந்துட்டுப் போகட்டும். அடுத்த மாசம் ஒரு நல்ல நாளாப் பாத்து, மரியாதையா, இங்கேயே சாக வச்சிரலாம்."

எர்மெக் அப்போதே முடிவு செய்துகொண்டான், இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று. செத்தவன் குரலை எடுத்துப் பேசுவது, செத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதைவிட மோசம்.

இன்று காலை முற்றத்தில் எல்லோரும் நின்றார்கள். மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. பெட்டி கூப்பிட்டுக்கொண்டே வந்தது. "குபான் அப்திராயெவ்."

எர்மெக் உதட்டைக் கடித்துக்கொண்டான். ரத்தம் உப்புக் கரித்தது. முதல்வர் படிக்கட்டிலிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி இரைந்துகொண்டே காத்திருந்தது.

"இருக்கேன்."

குபானின் குரல். ஒலிபெருக்கியில் போய் மலையில் மோதித் திரும்பி வந்தது. எர்மெக் சட்டென்று தன் வாயைக் கையால் பொத்தினான். பொத்திய பிறகுதான் தெரிந்தது, அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

 பெட்டி இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னது: "குரல் முழுமையாக ஒத்துப்போகிறது."

"கலக்கிட்டடா," என்று பின்னாலிருந்து ஒருவன் முதுகில் தட்டினான்.

நூர்பெரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவனுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கடிபட்ட உதட்டைப் பார்த்திருந்தாள். "எர்மெக்," என்றாள் மெதுவாக, "உன் வாய் அசையவே இல்லை."

அதற்குள் தெருவுக்கு அந்தப் பக்கம், ரொட்டிக் கடை வாசலில், யாரோ ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவருகிற சத்தம் கேட்டது. இந்த நாட்டில் ரொட்டி கீழே விழுந்தால், வேறு என்ன நடந்தாலும், குனிந்து எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். சைரகுல் திரும்பிப் பார்க்கவில்லை.

வெறுங்கையோடு ரஷ்யாவிலிருந்து திரும்பும் பையன்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போகாமல் எங்காவது ஒளிந்திருப்பது இந்த ஊரில் புதிதல்ல. அவள் அப்படித்தான் நினைத்தாள். பூட்டியிருந்த ஒரே கதவு வெல்டிங் கூடத்துக் கதவு. அதைத் தட்ட ஆரம்பித்தாள். கமிஷன் வருகிற நாளில் பூட்டிவைக்க வேண்டியவை நிறைய இருந்ததால்தான் அது பூட்டியிருந்தது. பெய்ஷென் பின்வாசல் வழியாக எர்மெக்கை அதற்குள் இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"கடைசியா கேக்குறேன். சொல்லமாட்டியா?"

எர்மெக் முகமூடிக்குள் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

வெளியே தட்டுவது நின்றது. "சரிடா," என்றாள் சைரகுல். குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. "நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீ வர்றப்போ வா. உன்னைப் பெத்தப்பவும் இப்படித்தான், ராத்திரி முழுக்கக் காக்க வச்ச."

அவள் கதவில் சாய்ந்து உட்காரும் சத்தம் இரும்பில் கேட்டது. அதே நேரத்தில் வாசலில் காரின் ஹாரனும் கேட்டது.

பெய்ஷென் ஒரு கணம்தான் தடுமாறினார். நிர்வாகம் தெரிந்த மனிதர். பின்வாசலால் ஓடிப்போய், கமிஷன் தலைவருக்கு வைத்திருந்த பூங்கொத்தை எடுத்துச் சைரகுலின் கையில் திணித்து, அவளுடைய தோளில் 'சிறந்த மாணவனின் தாய்' என்று பட்டை மாட்டிவிட்டார். பட்டை எப்போதோ தைத்து வைத்திருந்தது. மாணவிகளை அவளைச் சுற்றி நிறுத்தினார். கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெண், ஒரு நிமிஷத்தில் நிகழ்ச்சி நிரலில் ஒரு அம்சமாகிவிட்டாள்.

கமிஷன் தலைவர் செர்கேபாயெவ் தலைநகரத்துக்காரர். நல்ல கோட்டு. எதைப் பார்த்தாலும் நெகிழ்ந்துபோகிற சுபாவம். அவரை முதலில் டிராக்டரில் ஏற்றினார்கள். அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் மாணவர்கள் கழுத்தைத் திருப்பினார்கள். இறங்கும்போது, "ரொம்ப தூரம் வந்துட்டோமோ?" என்று கேட்டார். பிறகு முற்றத்திலேயே உலர்முறை வெல்டிங் காட்டினார்கள். எர்மெக்கும் வரிசையில் நின்று 'ஸ்ஸ்ஸ்' என்றான். அவனுடையது நடுங்கியது.

"புகை இல்லை. தீப்பொறி இல்லை. மலைக் காத்து கொஞ்சம்கூடக் கெடலை," என்றார் செர்கேபாயெவ். "உலகமே இதைத்தான் தேடிக்கிட்டிருக்கு. நாம ஏற்கெனவே வந்து சேந்துட்டோம்." தன் ஆளிடம் திரும்பி, "மத்த நிலையங்களுக்கும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக்கோங்க," என்றார்.

அப்போதுதான் சைரகுலைப் பார்த்தார். குனிந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அம்மா, உங்க பையன் ஒருநாள்கூடத் தவறலை. இந்த மாதிரிப் பிள்ளைங்க இருக்கிறதாலதான் நாடு நிக்குது."

சைரகுல் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒருநாள்கூடவா?"

"ஒருநாள்கூட."

"கோடையிலயும்? நான் மலையில இருந்தப்பவும்?"

"பெட்டி பொய் சொல்லாதும்மா. மனுஷன்தான் பொய் சொல்லுவான். அதுக்குத்தானே பெட்டி வச்சோம்."

"அப்ப இங்கதான் இருக்கானா? ரஷ்யாவுக்குப் போகவே இல்லையா? நிஜமா இருக்கானா?"

"அரசாங்கமே சொல்லுதும்மா, இருக்கான்."

அவள் பூங்கொத்தை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். சிரித்துக்கொண்டே அழுதாள். முற்றத்தில் நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மாணவர்கள், சமையல்காரி, காவல்காரன், எல்லோரும். செர்கேபாயெவ் அதை மரியாதை என்று நினைத்தார். அவரும் கொஞ்சம் தலையைக் குனிந்தார்.

எர்மெக் முகமூடியைக் கழற்றிவிட்டு அவளிடம் ஓடிப்போக நினைத்தான். போய் என்ன சொல்வான்? சொல்வதற்கு மூத்தவர்கள் இருக்கிறார்கள். அவன் வயசுக்கு அந்த உரிமை இல்லை. 

"சொல்லிடு எர்மெக்," என்றாள் நூர்பெரி, உதடு அசையாமல். "இன்னும் கொஞ்ச நேரத்துல பெரியவங்க வந்துருவாங்க. அதுக்குள்ள அபா இவ்ளோ சந்தோஷப்படக் கூடாது. பாவம்."

"நீ சொல்லேன்."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு மட்டும்?"

அவர்கள் வந்துவிட்டார்கள். சைரகுலின் வீட்டுக்குப் போய், காலி வீட்டைப் பார்த்து, விசாரித்து இங்கே வந்திருந்தார்கள். வெள்ளைக் கல்பாக் தொப்பிகள் வாசலில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. எல்லோரும் சப்பானின் மேலே கச்சை கட்டியிருந்தார்கள். முன்னால் வந்தவர் சைரகுலின் அண்ணன் ஒரோஸ்பாய், தடியை ஊன்றிக்கொண்டு, ராத்திரி முழுக்கப் பயணம் செய்த முகத்தோடு.

"ஆகா!" என்றார் செர்கேபாயெவ். "ஊர்ப் பெரியவங்களே திரண்டு வந்துட்டாங்க! இதுதான் மக்கள் பங்கேற்பு! போட்டோக்காரர் எங்கே?"

மூத்தவர் பேசும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது முறை. அதனால் அந்தக் கிழவர்கள் ஒன்றும் சொல்லாமல், பெய்ஷென் கைபிடித்து நிறுத்திய இடத்தில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே செர்கேபாயெவ் நின்று சிரித்தார். போட்டோக்காரன், "பெரியவங்களே, கொஞ்சம் சந்தோஷமா!" என்றான்.

சைரகுல் அவர்களை முழுசாகப் பார்க்கவில்லை. அண்ணன் வந்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் முகத்தைக்கூடப் பார்த்தாள். முகத்துக்குக் கீழே பார்க்கவில்லை. கச்சை இருக்கிற இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோகாமல், ரொம்பக் கவனமாக, வெல்டிங் கூடத்துக் கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

செர்கேபாயெவ் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஒரு காலத்துல இந்த நாட்டுப் பிள்ளைங்க எங்கெங்கயோ போய்க் கஷ்டப்பட்டாங்க. இன்னிக்கு என் கண்ணால பாக்குறேன், யாருமே போகலை! நூத்துக்கு நூறு பேர் இங்கேயே இருக்காங்க! அவங்க எங்கன்னு சிலர் கேக்கலாம். பாக்கிறதுக்கு முற்றம் கொஞ்சம் காலியாத் தெரியலாம். கண்ணை நம்பாதீங்க. குரலை நம்புங்க. நம்ம சிறந்த மாணவன் இப்ப இந்த மேடைக்கு வரட்டும்."

அவர் தன் கையாலேயே பெட்டியின் பொத்தானை அழுத்தினார். தேன் குரல் முற்றமெல்லாம் பரவியது.

"குபான் அப்திராயெவ்."

முற்றத்தில் இருந்த எல்லாத் தலைகளும் எர்மெக்கின் பக்கம் திரும்பின. டிராக்டர் வகுப்பில்கூட அவ்வளவு ஒழுங்காகத் திரும்பியதில்லை. பெய்ஷென் படிக்கட்டில் நின்று கையைக் கூப்பாத குறையாகக் கெஞ்சினார்.  எர்மெக்கின் பயம் அதுவல்ல. தான் வாய் திறக்காவிட்டாலும், காலையில் வந்த மாதிரி, மறுபடியும் அது வந்துவிட்டால்? காதைப் பொத்திக்கொள்ளலாம் என்று பார்த்தான். அவள் காதை யார் பொத்துவது?

பெட்டி இரைந்துகொண்டே காத்திருந்தது. சைரகுல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

ஒரோஸ்பாய் வரிசையிலிருந்து விலகி வந்தார். இது என்ன கூட்டம், இந்தக் கோட்டுக்காரர் யார், எதுவும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. தடியைக் கீழே வைத்துவிட்டு, தங்கையின் எதிரே மண்டியிட்டார்.

"சைரா. தங்கச்சி. நம்ம மந்தையில ஒரு குதிரைக்குட்டி இருந்துச்சு. நெத்தியில வெள்ளையோட. எல்லாக் குட்டிக்கும் முன்னாடி ஓடும். மலை உயரம்னு அதுக்குத் தெரியாது. கொடுத்தவனே கூப்பிட்டா, கயிறு நம்ம கையில நிக்குமா?"

பின்னால் நின்ற கிழவர்கள் பிரார்த்தனைக்குக் கைகளை விரித்து ஏந்தினார்கள். செர்கேபாயெவும் ஏதோ வழக்கம் என்று நினைத்து, ஒரு கையில் ஒலிவாங்கியோடு மற்றதை விரித்தார்.

சைரகுல் இப்போதுதான் கச்சையைப் பார்த்தாள். அண்ணனுடையதை. பிறகு அடுத்தவருடையதை. ஒவ்வொன்றாக, வரிசை முடியும்வரைக்கும் பார்த்தாள்.

"எப்போண்ணே?"

"போன வாரம்மா."

"எங்க?"

"அங்கதான். ரஷ்யாவுல. மேலேருந்து விழுந்துட்டான்."

எல்லோரும் அவள் ஓலம் எழும் என்று காத்திருந்தார்கள். பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுத் தயாராக நின்றார்கள். பெய்ஷென், செர்கேபாயெவின் காதில், "இது ஒரு சின்ன நிர்வாகக் குழப்பம். நம்மகிட்ட அவன் இருக்கான். அவங்ககிட்டதான் இல்லை," என்று விளக்கிக்கொண்டிருந்தார். செர்கேபாயெவ் தலையை ஆட்டிக்கொண்டு, அப்படியானால் பரிசை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார்.

சைரகுல் எழுந்தாள். தோளிலிருந்த பட்டை நழுவி விழுந்தது. கூட்டம் தானாக வழிவிட்டது. அவள் நேரே எர்மெக்கிடம் வந்து, அவன் முகமூடியை மேலே தூக்கினாள். திடீரென்று விழுந்த வெளிச்சத்தில் அவனுக்குக் கண் கூசியது. அவள் அவன் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது.

"எர்மெக். பயப்படாத. நான் உன்னைத் திட்டமாட்டேன்."

"அபா..."

"சின்னப் பிள்ளைல நீ சன்னலுக்கு வெளிய நின்னு அவன் மாதிரியே 'அபா, பசிக்குது'ம்ப. நானும் ஏமாந்த மாதிரி ரொட்டி எடுத்துட்டு வருவேன். நீங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பீங்க. ஆனா நான் ஒருநாளும் ஏமாந்ததில்லடா. அவன் பேசறதுக்கு முன்னாடி ஒரு குட்டி மூச்சு இழுப்பான். பொறந்ததுலேருந்தே அப்படி. பெத்தவளுக்குத்தான் அது கேக்கும். உனக்கு அது வராது."

அவளுடைய கைகள் இறுகின.

"காலைல அந்த மூச்சு கேட்டுச்சு. எனக்குக் கேட்டுச்சு. நீ அங்கதானே நின்ன? சொல்லுடா, 'இருக்கேன்'னு சொன்னது யாரு?"